மருத்துவ பீடத்தில் புதிதாகச் சேரும் கல்விசார் பணியாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மருத்துவ பீடத்துக்குப் புதிதாக வந்த விரிவுரையாளர்கள் முதல் ஓராண்டில் என்னிடமும் என் சக ஆசிரியர்களிடமும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்து, என்னால் இயன்ற விடைகளை எழுதியிருக்கிறேன். விடுப்பு, ஊதியப் படிநிலை, ஓய்வூதியம் போன்றவை ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் வேறுபடுவதால் அவற்றை உங்கள் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதே முறை. எந்த மருத்துவ பீடத்துக்குப் போனாலும் எதிர்ப்படும் கேள்விகளை மட்டுமே இங்கே எடுத்துக்கொண்டேன்.

பணியில் சேர்ந்த முதல் இரண்டு வாரங்களில் கட்டாயம் முடிக்க வேண்டியவை எவை?

நோயாளிகளைப் பார்க்கும் பொறுப்பும் உங்களுக்கு உண்டென்றால், மருத்துவப் பேரவையில் உங்கள் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதையும், போதனா மருத்துவமனை உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் அனுமதியை எழுத்தில் தந்திருக்கிறதா என்பதையும் எல்லாவற்றுக்கும் முன்பாகப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் நியமனக் கடிதம் கற்பிக்கும் பொறுப்பைத் தருகிறதே தவிர, வார்டில் மருந்து எழுதும் அதிகாரத்தைத் தானாகத் தந்துவிடாது. அனுமதி வருவதற்கு முன்பே ஆர்வத்தில் சிகிச்சைப் பணியைத் தொடங்கிவிட்ட ஒருவர், பின்னர் ஒரு முறைப்பாடு வந்தபோது தமக்கு எந்தக் காப்பும் இல்லாமல் தவித்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அடுத்தது தடுப்பூசி. இரத்தம், திசு, உடல் திரவம் இவற்றோடு புழங்கும் எவரும் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியை வழக்கமான 3 தவணைகளாக, அதாவது தொடக்கத்திலும் 1 மாதம் கழித்தும் 6 மாதம் கழித்தும், போட்டு முடித்திருக்க வேண்டும். கடைசித் தவணைக்கு 1 முதல் 2 மாதங்களுக்குப் பின் எதிர்ப்பொருள் அளவைப் பார்த்து, அது மில்லிலீட்டருக்கு 10 மில்லி அலகுகளை எட்டியிருக்கிறது என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஊசி போட்டுக்கொண்டதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். எதிர்ப்பொருளைச் சோதித்தவர்கள் குறைவு.

இவற்றோடு துறையின் எழுத்தர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், வார்டுப் பொறுப்புத் தாதி ஆகியோரைத் தனித்தனியே சந்தித்து அறிமுகம் செய்துகொள்ளுங்கள். எந்த அறையில் ஒலிவாங்கி பழுது, எந்த மாதத்தில் தேர்வு வேலை குவியும், எந்த நோயாளியிடம் மாணவர்களை அழைத்துப் போகக் கூடாது என்பதெல்லாம் கையேட்டில் இருப்பதில்லை, இவர்களுக்குத்தான் தெரியும்.

பல்கலைக்கழகம், மருத்துவமனை இரண்டுக்கும் வேலை செய்கிறேன். யாருடைய சொல்லைக் கேட்பது?

இரண்டு தலைமைகளுக்குக் கட்டுப்பட்டிருப்பது மருத்துவக் கல்வியின் அமைப்பிலேயே உள்ள சிக்கல். 1910இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து அறிக்கை எழுதியபோது, மருத்துவக் கல்வி பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்க வேண்டும், அதற்கென்று முழுநேர ஆசிரியர்கள் வேண்டும், மருத்துவமனையில் கற்பிக்கும் உரிமையும் வேண்டும் என்று வற்புறுத்தினார். அந்த மூன்றும் நல்லவையே. ஆயினும் அவை ஒரே ஆளின் தோளில் வந்து சேரும்போது எந்நேரம் எதற்கு என்ற கேள்வி தீராமல் நிற்கிறது.

இதற்கு நான் அறிந்த ஒரே வழி, வாராந்தர வேலைத்திட்டத்தை எழுத்தில் வாங்கிக்கொள்வது. திங்கட்கிழமை முற்பகல் வெளிநோயாளர் பிரிவு, செவ்வாய்க்கிழமை பிற்பகல் மாணவர் குழு வகுப்பு, வியாழக்கிழமை ஆய்வு நேரம் என்று அரைநாள் அரைநாளாகப் பிரித்து, துறைத் தலைவரும் மருத்துவமனைப் பொறுப்பாளரும் இருவரும் பார்த்து ஒப்பமிட்ட தாள் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். அவசர நோயாளி வந்தால் எல்லாத் திட்டமும் விலகி வழிவிடத்தான் வேண்டும். அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் கற்பிக்கும் நேரமே வெட்டுப்படுகிறது என்றால், அந்தத் தாளைக் காட்டித்தான் பேச முடியும். வாய்மொழி உறுதிமொழிகள் துறைத் தலைவர் மாறும்போது அவரோடு போய்விடும்.

நான் மருத்துவப் பட்டம் பெற்றவரல்ல. உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். மாணவர்கள் என்னை மதிப்பார்களா?

மதிப்பார்கள், நீங்கள் உங்கள் பாடத்தை அறிந்திருக்கிறீர்கள் என்பதை அவர்கள் உணர்ந்தால். மருத்துவர்களோடு போட்டியிட்டு நோய்க் கதைகள் சொல்ல முயல வேண்டாம். ஒரு மருத்துவ ஆசிரியரைத் துணைக்கு அழைத்து, ஆண்டில் சில வகுப்புகளையாவது இருவருமாக நடத்துங்கள். நீரிழிவு நோயாளி ஒருவருக்குக் கீட்டோன்கள் ஏன் பெருகுகின்றன என்பதை நீங்கள் விளக்க, அந்த நோயாளி அவசரப் பிரிவுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதை அவர் சொல்லும்போது மாணவர்களுக்குக் கிடைக்கும் தெளிவை, தனித்தனியே நடத்தும் வகுப்புகளில் தர முடிவதில்லை.

நல்ல மருத்துவராக இருந்தால் போதாதா? கற்பித்தல் பயிற்சிக்கு ஏன் போக வேண்டும்?

இந்தக் கேள்வியைச் சிலர் சற்றுக் கோபத்தோடு கேட்பதுண்டு. 10 ஆண்டுகளுக்கு மேல் படித்துச் சிறப்புத் தகுதி பெற்ற ஒருவரை மீண்டும் வகுப்பில் உட்காரச் சொல்வது அவருக்கு உறுத்தலாக இருப்பது இயல்பு. ஆனாலும் என் கருத்து உறுதியானது: கற்பித்தல் என்பது தனியே கற்றுக்கொள்ள வேண்டிய தொழில். அறுவைச் சிகிச்சையை எவரும் பார்த்துப் பார்த்தே கற்றுவிட்டதாகச் சொல்லி, மேற்பார்வை இல்லாமல் கத்தியை எடுப்பதில்லை. கற்பித்தலில் மட்டும் அதை இயல்பாக ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

நமக்குக் கற்பித்தவர்கள் எப்படிக் கற்பித்தார்களோ அப்படியே நாமும் கற்பிக்கத் தொடங்குகிறோம். அவர்களில் சிறந்தவர்களிடமிருந்து நல்லவற்றை எடுத்துக்கொள்கிறோம் என்று எண்ணுகிறோம். களைத்த நாளில் நம் வாயில் வருவதோ அவர்களில் கடுமையானவர்களின் சொற்கள். வார்டில் மாணவரை எல்லார் முன்னிலையிலும் குறுகவைப்பது ஒரு காலத்தில் கற்பித்தலின் பகுதியாகவே கருதப்பட்டது. அப்படிக் குறுகிய மாணவர் பாடத்தைக் கற்றுக்கொண்டதை நான் பார்த்ததில்லை. தெரியாததை மறைக்கக் கற்றுக்கொண்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தெரியாததை மறைக்கும் மருத்துவரிடம்தான் பின்னாளில் நோயாளி மாட்டிக்கொள்கிறார்.

பயிற்சியில் எதைக் கற்பீர்கள் என்றால், கற்றல் நோக்கங்களை எழுதுவது, சிறு குழுவை நடத்துவது, வினா அமைப்பது, மாணவரின் செயலைப் பார்த்துக் கருத்துச் சொல்வது ஆகியவை முக்கியமாக இருக்கும். 1969இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பிரச்சினை வழிக் கற்றல் முறையை, அதாவது மாணவர்களே சிறு குழுவாக ஒரு பிரச்சினையை ஆராய்ந்து கற்கும் முறையை, உங்கள் பீடம் பின்பற்றினால், அந்தக் குழுக்களை நடத்துவதற்கென்று தனிப் பயிற்சி கட்டாயம் தேவை. அங்கே ஆசிரியர் பேசாமல் இருக்கப் பழக வேண்டும். விடை தெரிந்தவருக்கு அதைவிடக் கடினமான வேலை வேறில்லை.

முதல் விரிவுரையை எப்படித் தயாரிப்பது?

நான் முதன்முதலில் நடத்திய விரிவுரை அமில கார சமநிலை பற்றியது. மூன்று வாரம் உழைத்து, எனக்குத் தெரிந்தது அனைத்தையும் அதில் சேர்த்திருந்தேன். முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி வந்து, "சிறுநீரகம் இதில் என்ன செய்கிறது?" என்று மெல்லக் கேட்டார். 50 நிமிடங்களில் பாதிக்கு மேல் சிறுநீரகத்தைப் பற்றித்தான் பேசியிருந்தேன். அவர் கவனிக்காமல் இருந்தவரல்லர். குறிப்பேடு நிறைய எழுதி வைத்திருந்தார். எழுதிய வேகத்தில் யோசிக்க இடமில்லாமல் போயிருந்தது. அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் பின்னர் பெரிதும் உதவியது.

அதன் பின் நான் கைக்கொண்ட முறையைச் சொல்கிறேன். இந்த வகுப்பை விட்டு வெளியேறும் மாணவர் எந்த இரண்டு அல்லது மூன்று காரியங்களைச் செய்ய வல்லவராக இருக்க வேண்டும் என்பதை முதலில் எழுதுகிறேன். "புரிந்துகொள்வார்" என்று எழுதுவதில்லை. "இந்த இரத்த வாயு அறிக்கையைப் பார்த்து, கோளாறு நுரையீரலிலிருந்து வந்ததா வளர்சிதை மாற்றத்திலிருந்து வந்ததா என்று சொல்வார்" என்று எழுதுகிறேன். அப்படி எழுதிய பிறகு, அதற்கு உதவாத ஒளிப்படங்கள் எவை என்பது தானாகத் தெரிந்துவிடும். தொடக்கத்தில் ஒரு நோயாளியின் நிலையை வைக்கிறேன். ஏறத்தாழ 15 நிமிடங்களுக்கு ஒருமுறை நிறுத்தி ஒரு கேள்வி போட்டு, பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேசச் சொல்கிறேன். அந்த ஒரு நிமிடத்தில் அரங்கின் இரைச்சலைக் கேட்டாலே பாடம் எங்கே சிக்கி நிற்கிறது என்பது தெரியும்.

சென்ற ஆண்டு அதே தலைப்பை நடத்தியவரின் குறிப்புகளைக் கேட்டு வாங்கவும், அதே ஆண்டு மாணவர்களுக்கு வேறு துறைகள் என்ன நடத்துகின்றன என்பதைப் பார்க்கவும் மறக்க வேண்டாம். இதய செயலிழப்பை உடலியங்கியல், நோயியல், மருந்தியல், பொது மருத்துவம் என்று நான்கு துறைகளும் ஒன்றையொன்று அறியாமல் முதலிலிருந்து தொடங்கி நடத்துவது பல பீடங்களில் இன்றும் நடக்கிறது.

நோயாளியின் படுக்கையருகே கற்பிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வில்லியம் ஆஸ்லர், 1893இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில், மாணவர்களை விரிவுரை அரங்கிலிருந்து வார்டுக்கு அழைத்து வந்து நோயாளியிடமிருந்தே கற்க வைத்தார். அந்த மரபின் பயனை நாம் எல்லாரும் அனுபவிக்கிறோம். ஆனால் அதில் நோயாளியின் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். காய்ச்சலோடும் அச்சத்தோடும் படுத்திருக்கும் ஒருவரைச் சுற்றி எட்டுப் பேர் நின்று, அவருக்குப் புரியாத சொற்களில் அவரைப் பற்றியே பேசுகிறார்கள்.

மாணவர்களை அழைத்து வருவதற்கு முன் நீங்கள் தனியே சென்று அனுமதி கேளுங்கள். எட்டுப் பேரும் கூடவே நிற்கும்போது கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். அது சம்மதம் ஆகாது. மறுத்தால் சிகிச்சையில் எந்த வேறுபாடும் இராது என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். மயக்க மருந்தின் கீழ் இருக்கும் நோயாளியிடம் அந்தரங்க உறுப்புப் பரிசோதனையை மாணவர் செய்து பழகுவதற்கு, அவர் விழித்திருக்கும்போதே தெளிவான சம்மதம் பெற்றிருக்க வேண்டும். அது இல்லையெனில் அன்று அந்தப் பரிசோதனை வேண்டாம். இதில் தளர்வுக்கு இடமே இல்லை.

கடுமையான நோய் பற்றிய விவாதத்தைப் படுக்கையருகே நடத்தாமல், விலகிச் சென்று தனி அறையில் நடத்துங்கள். "புற்றுநோயாக இருக்கலாம்" என்பதைப் பல சாத்தியங்களில் ஒன்றாக மாணவருக்கு நீங்கள் சொல்லியிருப்பீர்கள். நோயாளி அதை முடிவாகக் கேட்டு இரவெல்லாம் தூங்காமல் இருப்பார். கிளம்பும்போது நன்றி சொல்வதோடு, அவருக்கு ஏதேனும் கேட்க வேண்டுமா என்று நின்று கேளுங்கள். மாணவர்கள் நீங்கள் சொல்வதை ஓரளவும், செய்வதை முழுமையாகவும் பதிந்துகொள்கிறார்கள்.

தேர்வு வினாக்கள் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

புதிதாக வந்தவரிடம் இந்த வேலையைத் தள்ளிவிடும் வழக்கம் உண்டு. அது தவறு என்று நினைக்கிறேன், ஏனெனில் பீடத்தில் செய்யப்படும் வேலைகளில் இது மிகக் கனமான ஒன்று. ஒரு மோசமான விரிவுரையை மாணவர் நூலகத்தில் படித்துச் சரிசெய்துகொள்ளலாம். மோசமான தேர்வை எவராலும் சரிசெய்ய முடியாது. தேர்ச்சி பெறக் கூடாதவர் தேறுகிறார், தேற வேண்டியவர் ஓராண்டை இழக்கிறார்.

பல்தேர்வு வினாவை எடுத்துக்கொள்வோம். "தைராய்டு சுரப்பி பற்றிப் பின்வருவனவற்றுள் தவறானது எது?" என்று கேட்டு ஐந்து தொடர்பற்ற கூற்றுகளைக் கொடுப்பது எழுதச் சுலபம், மாணவரின் நினைவாற்றலைத் தவிர வேறெதையும் அது சோதிப்பதில்லை. அதையே இப்படி மாற்றலாம்: "42 வயதுப் பெண் ஒருவருக்கு 6 மாதங்களாகச் சோர்வு, எடை கூடுதல், குளிர் தாங்காமை, மலச்சிக்கல் ஆகியவை உள்ளன. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 54. முதலில் கேட்க வேண்டிய இரத்தப் பரிசோதனை எது?" விடைத் தெரிவுகளைக் கையால் மூடிக்கொண்டு, அவற்றுக்கு முன் வரும் வினாவை மட்டும் வாசியுங்கள். தைராய்டைத் தூண்டும் இயக்குநீரின் அளவு என்ற விடை, தெரிவுகளைப் பாராமலேயே தோன்றினால் வினா சரியாக அமைந்திருக்கிறது.

எந்தத் திறனை எந்த வகைத் தேர்வு அளக்கும் என்பதற்கு ஜார்ஜ் மில்லர் 1990இல் வரைந்து காட்டிய பிரமிடு இன்றும் பயன்படுகிறது. அடித்தளத்தில் அறிந்திருத்தல், அதற்கு மேல் எப்படிச் செய்வது என்று அறிதல், அதற்கு மேல் செய்து காட்டுதல், உச்சியில் அன்றாடப் பணியில் உண்மையாகவே செய்தல். எழுத்துத் தேர்வு கீழ்த்தட்டுகள் இரண்டோடு நின்றுவிடும். செய்து காட்டுதலை அளக்கத்தான் ரொனால்ட் ஹார்டனும் அவருடைய சக ஆசிரியர்களும் 1975இல் டண்டியிலிருந்து ஓஸ்கி எனப்படும் கட்டமைக்கப்பட்ட செய்முறைத் தேர்வை அறிமுகப்படுத்தினார்கள். எல்லா மாணவரும் ஒரே வரிசை நிலையங்களைக் கடந்து, ஒரே வேலையைச் செய்து, ஒரே புள்ளித் தாளால் மதிப்பிடப்படுகிறார்கள். அதற்கு முன்பு ஒரு மாணவருக்கு எளிய நோயாளியும் கனிவான தேர்வாளரும், அடுத்தவருக்குச் சிக்கலான நோயாளியும் கடுமையான தேர்வாளரும் அமைவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்திருந்தது.

தேர்ச்சிப் புள்ளி பற்றியும் ஒரு சொல். எப்போதும் 50 என்று வைத்துக்கொள்வது பழக்கத்தால் வந்தது. கடினமான வினாத்தாளுக்கும் எளிய வினாத்தாளுக்கும் அது ஒரே கோட்டைப் போடுகிறது. வில்லியம் அங்கோஃப் 1971இல் விவரித்த முறையில், விளிம்பில் நிற்கும் மாணவர்களில் எத்தனை பேர் இந்த வினாவுக்குச் சரியாக விடையளிப்பார்கள் என்று தேர்வாளர் குழு ஒவ்வொரு வினாவுக்கும் மதிப்பிட்டு, அவற்றின் சராசரியிலிருந்து தேர்ச்சிக் கோட்டை வகுக்கிறது. உங்கள் பீடம் இதைச் செய்யுமானால் அந்தக் கூட்டத்தில் போய் உட்காருங்கள். வினாக்களைப் பற்றி வேறெங்கும் அவ்வளவு கற்க முடியாது.

தேர்வு முடிந்ததும் வினாப் பகுப்பாய்வைக் கேட்டு வாங்குங்கள். அதிகப் புள்ளி பெற்றவர்களைவிடக் குறைந்த புள்ளி பெற்றவர்கள் ஒரு வினாவுக்குக் கூடுதலாகச் சரியான விடை தந்திருந்தால், அந்த வினாவின் பிரித்தறியும் எண் எதிர்மறையாக வரும். அப்போது முதலில் ஐயப்பட வேண்டியது விடைக் குறிப்பைத்தான்.

மாணவர் செய்தது தவறு என்பதை எப்படிச் சொல்வது?

விரைவாகவும், தனியாகவும், பார்த்ததைப் பற்றி மட்டுமே பேசியும் சொல்லுங்கள். "உங்களுக்குத் தன்னம்பிக்கை போதாது" என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. அதை வைத்து அவர் எதையும் செய்ய முடியாது. "நோயாளி தம் மகனின் மரணத்தைச் சொன்னதும் நீங்கள் அடுத்து ஒவ்வாமை பற்றிக் கேட்டீர்கள், அங்கே சற்று நிறுத்தியிருக்கலாம்" என்பது அவர் நாளையே மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்று. முதலில் மாணவரையே தாம் எப்படிச் செய்ததாக நினைக்கிறார் என்று கேட்பது நல்ல தொடக்கம். பாராட்டு, குறை, மீண்டும் பாராட்டு என்று அடுக்கிச் சொல்லும் முறையை மாணவர்கள் சீக்கிரமே கண்டுகொண்டு, நடுவில் வருவதற்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறார்கள்; ஆகவே அதை நான் விட்டுவிட்டேன்.

பின்தங்கும் மாணவரைப் பற்றி எழுதி வைப்பது ஆசிரியரின் கடமை. "பாவம், எப்படியாவது தேறிப் போகட்டும்" என்று பயிற்சி அறிக்கையில் 'திருப்தி' என்று குறித்துவிட்டால், அடுத்த ஆசிரியரும் அப்படியே குறிப்பார். அந்த மாணவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய உதவி இறுதியாண்டு வரை கிடைக்காமலே போகும்.

ஆய்வை எப்போது தொடங்குவது?

முதல் ஆறு மாதங்களைக் கற்பித்தலுக்குக் கொடுத்துவிட்டு, அந்த நேரத்தில் துறையில் ஏற்கெனவே நடக்கும் ஆய்வுகளைக் கேட்டறிந்துகொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. முனைவர் பட்ட ஆய்வின் முடிவுகள் இன்னும் எழுதப்படாமல் இருந்தால் அவற்றை முதலில் எழுதி முடிப்பது நல்லது.

மனிதரைச் சார்ந்த எந்த ஆய்வுக்கும் ஒழுக்கநெறிக் குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். 1947இன் நூரம்பர்க் நெறிகளும் 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்ற ஹெல்சிங்கி பிரகடனமும் எந்தக் கொடுமைகளுக்குப் பின் எழுந்தன என்பதை அறிந்தவர்கள் இந்தப் படிவங்களைச் சுமையாகப் பேச மாட்டார்கள். மருத்துவப் பரிசோதனை ஆய்வாக இருந்தால், முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவுசெய்ய வேண்டும். 2005 முதல் முன்னணி மருத்துவ இதழ்கள் இதை நிபந்தனையாக வைத்திருக்கின்றன. புதியவர்கள் தவறவிடும் இடம் இன்னொன்று உண்டு. உங்கள் சொந்த மாணவர்களிடம் வினாக்கொத்துக் கொடுத்துத் தகவல் திரட்டுவதும் மனித ஆய்வே. அவர்களுக்குப் புள்ளி போடுபவர் நீங்கள் என்பதால், மறுக்கும் சுதந்திரம் அவர்களுக்கு இருக்கும்படி வேறொருவர் மூலம் அழைப்பு விடுவது நலம்.

ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் ஆர்கிட் (ORCID) எண் இல்லையென்றால் இன்றே எடுத்துக்கொள்ளுங்கள். 16 இலக்கங்களைக் கொண்ட அந்த எண், ஒரே பெயரை முன்னெழுத்து மாற்றி மாற்றி எழுதும் நம்மவர்களுக்கு மிகவும் தேவையானது.

கட்டுரையில் துறைத் தலைவர் தம் பெயரையும் போடச் சொல்கிறார். என்ன செய்வது?

கட்டுரையாசிரியராகப் பெயர் போடுவதற்கு அனைத்துலக மருத்துவ இதழாசிரியர் குழு நான்கு தகுதிகளை வரையறுத்திருக்கிறது. ஆய்வின் கருத்தாக்கத்திலோ வடிவமைப்பிலோ, தரவைத் திரட்டுவதிலோ பகுத்தாய்வதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதுவதில் அல்லது அறிவுபூர்வமாகத் திருத்துவதில் பங்கு வேண்டும். வெளியிடப்போகும் இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். கட்டுரையின் எல்லாப் பகுதிகளுக்கும் பொறுப்பேற்க இசைந்திருக்க வேண்டும். நான்கும் பொருந்தினால்தான் ஒருவர் கட்டுரையாசிரியர். நிதியோ இடமோ ஒழுங்குசெய்து தந்தவருக்கு நன்றியுரையில் இடமுண்டு.

இதைச் சொல்வது எளிது, தகுதிகாண் காலத்தில் இருப்பவர் மேலதிகாரியிடம் சொல்வது எளிதன்று என்பதை நான் அறிவேன். எனக்கும் அந்த நிலை வந்தது. அன்று நான் பேசாமல் பெயரைச் சேர்த்தேன், இன்றும் அதை எண்ணி வருந்துகிறேன். அதன் பின் ஒவ்வோர் ஆய்வின் முதல் கூட்டத்திலேயே, யார் எந்த வேலையைச் செய்வது, பெயர்கள் எந்த வரிசையில் வரும் என்பதைக் குறிப்பாக எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறேன். வேலை தொடங்கும் முன் எழுப்பும் கேள்வி எவரையும் புண்படுத்துவதில்லை. துறைத் தலைவருக்கும் உண்மையான ஒரு பங்கை அங்கேயே கேட்டு ஒப்படைக்கலாம். பலர் அதை விருப்பத்தோடு செய்கிறார்கள்.

கட்டுரை அனுப்பும்படி நாள்தோறும் மின்னஞ்சல்கள் வருகின்றனவே?

உங்கள் துறைக்குத் தொடர்பில்லாத இதழ், ஒரு வாரத்தில் வெளியிடுவதாக வாக்குறுதி, முகவரியில்லாத அலுவலகம் என்றிருந்தால் அழித்துவிடுங்கள். ஐயமாக இருப்பவற்றைப் பீட நூலகரிடம் காட்டுங்கள். அப்படிப்பட்ட இதழில் ஒருமுறை வெளியான கட்டுரையைத் திரும்பப் பெற்று நல்ல இதழுக்கு அனுப்புவது ஏறக்குறைய முடியாத காரியம்.

ஊசி குத்திவிட்டால் உடனே செய்ய வேண்டியது என்ன?

காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள், பிதுக்க வேண்டாம். உடனே பொறுப்பாளரிடம் அறிவித்து, யாருடைய இரத்தம் என்பதைக் குறித்துக்கொண்டு, அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் சில மணி நேரத்துக்குள் தொடங்குவதே சிறந்தது. 72 மணி நேரம் கடந்தால் பயன் எதிர்பார்க்க முடியாது. தொடங்கினால் 28 நாட்கள் எடுக்க வேண்டும். நோயுள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தும்போது எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதம், தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்படைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு இதைவிடப் பன்மடங்கு அதிகம்.

மாணவருக்கு ஊசி குத்தினால், அவர் அதை மறைக்க முயல்வார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். திட்டு விழும் என்ற அச்சம் அவ்வளவு வலியது. ஆகவே பயிற்சியின் முதல் நாளிலேயே, இப்படி நடந்தால் யாரிடம் வர வேண்டும் என்பதையும், வந்தால் யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

உடற்கூறியல் கூடத்தில் முதன்முறையாக வகுப்பெடுக்கப் போகிறேன்.

மேசையில் இருப்பவர் தம் உடலைக் கற்பிப்பதற்காகக் கொடுத்தவர் என்பதை முதல் வகுப்பின் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஒளிப்படம் எடுக்கக் கூடாது என்ற விதியை விளக்கத்தோடு சொல்லுங்கள். சில மாணவர்கள் வெளிறிப் போவார்கள், சிலருக்கு அண்மையில் வீட்டில் ஒரு மரணம் நேர்ந்திருக்கும். அவர்கள் வெளியே போய்த் திரும்பி வர அனுமதி கேட்கத் தேவையில்லை என்று முன்பே அறிவித்துவிட்டால் போதும். ஃபார்மலின் நெடி கண்ணையும் மூச்சையும் வருத்தும் என்பதால் காற்றோட்டம் சரியாக இருக்கிறதா என்பதைத் தொழில்நுட்பவியலாளரோடு முதல் நாளே போய்ப் பாருங்கள்.

ஒவ்வொரு குழுவிலும் சேரச் சொல்கிறார்கள். மறுத்தால் தவறாக நினைப்பார்களா?

முதல் ஆண்டில் ஒரு குழு போதும், அதுவும் பாடத்திட்டக் குழுவாகவோ தேர்வுக் குழுவாகவோ இருந்தால் பீடம் எப்படி இயங்குகிறது என்பதைக் கற்றுக்கொள்வீர்கள். மற்றவற்றுக்கு, "இந்த ஆண்டு என் வகுப்புகளைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன், அடுத்த ஆண்டு கட்டாயம் சேர்கிறேன்" என்று சொல்லுங்கள். இதைத் தவறாக நினைப்பவர் இருந்தால், துறைத் தலைவர் உங்களுக்காகப் பேச வேண்டும். அது அவருடைய பொறுப்பு.

தகுதிகாண் காலத்தின் முடிவில் எதைப் பார்ப்பார்கள்?

கற்பித்தல், ஆய்வு, நிறுவனப் பணி என்ற மூன்று தலைப்புகளிலும் சான்றுகள் கேட்பார்கள். ஆய்வுக்குச் சான்று தானாகச் சேரும், ஏனெனில் கட்டுரை அச்சில் இருக்கும். கற்பித்தலுக்கு நீங்கள்தான் சேர்க்க வேண்டும். மாணவர் கருத்துப் படிவங்கள், சக ஆசிரியர் ஒருவர் உங்கள் வகுப்பில் உட்கார்ந்து எழுதிய குறிப்பு, நீங்கள் மாற்றியமைத்த ஒரு வகுப்பின் முன் வடிவும் பின் வடிவும் ஆகியவற்றை ஒரு கோப்பில் மாதந்தோறும் போட்டு வையுங்கள். எர்னஸ்ட் பாயர் 1990இலேயே, கண்டறிதலோடு ஒருங்கிணைத்தல், பயன்படுத்தல், கற்பித்தல் ஆகியவற்றையும் புலமைப் பணியாகவே எண்ண வேண்டும் என்று வாதிட்டார். பல பீடங்களின் பதவி உயர்வு விதிகள் இன்று அதைத் தாளில் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. நடைமுறையிலும் ஏற்கச் செய்ய வேண்டுமென்றால், மறுக்க முடியாத கோப்போடு நாம் போய் நிற்க வேண்டும்.

ஒரு மாணவர் தம் உடல்நலக் குறையையோ மனச்சோர்வையோ என்னிடம் சொன்னால் நானே சிகிச்சை தரலாமா?

தரக் கூடாது. அவருக்குப் புள்ளி போடுபவரும் அவருடைய அந்தரங்கத்தை அறிந்த மருத்துவரும் ஒருவராக இருக்க முடியாது. இரண்டிலும் நம்பிக்கை கெடும். ஆனால் "அது என் வேலையல்ல" என்று அனுப்பிவிடுவதும் ஆகாது. கதவைச் சாத்திவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை கேளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. இருக்கிறது என்றால் அவரைத் தனியே விடாமல், அன்றே மனநல மருத்துவரிடம் சேர்ப்பித்துவிட்டுத்தான் நீங்கள் வீடு திரும்ப வேண்டும். மாணவர் நல அலுவலகத்தின் எண்ணையும், பணி நேரத்துக்குப் பின் அழைக்கக்கூடிய எண்ணையும் முதல் வாரத்திலேயே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். தேவைப்படும் மாலையில் அவற்றைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.